செவ்வரத்தைப் பாத்தியில் முட்டைக்கோது

நந்தவனம் என்று சொன்னால் பெரிதாக ஏதோ இருப்பதாகத் தோன்றும். எங்கள் கோயிலில் அது ஏழு பாத்திகள்தான். மாத்தளையிலிருந்து யட்டவத்தைக்குப் போகும் பாதையில், கோயிலின் தெற்குச் சுவருக்கும் அடுத்தவரின் மிளகுத் தோட்டத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு துண்டு நிலம். நந்தியாவட்டை, அலரி, துளசி, மூலையில் ஒரு வில்வம். சுவரை ஒட்டிய கடைசிப் பாத்தியில் செவ்வரத்தை. கம்பிவலை அடித்த கதவுக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. உரம் கிடைக்காமல் எல்லாரும் திண்டாடிய அந்த வருடத்திலிருந்து சாவி என்னிடம் இருந்தது.

அதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. பூசைக்குப் பூ கடையிலிருந்து வந்தது. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு நின்றபோது, வாடிக் குச்சியாகி நின்ற செவ்வரத்தையைப் பார்த்து அக்காதான் சொன்னார்.

"தங்கச்சி, இத நாம எடுத்துச் செய்வோமா? நீ அளந்து அளந்து செய்வ. நான் தண்ணி ஊத்துறேன்."

அப்படித்தான் தொடங்கியது. நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். ஒரு மாத்திரை கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று பழகிய கை. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். கணவர் காலமான பிறகு வீட்டு வாசலில் அடுப்புப் போட்டு, பின்னேரங்களில் அப்பம் சுட்டு விற்கிறார். வெறும் அப்பம், பால் அப்பம், முட்டை அப்பம். அவருடைய முட்டை அப்பத்துக்குக் கோயில் சனம் வரிசையில் நிற்கும். வெள்ளிக்கிழமை மட்டும் முட்டை இல்லை. அதையும் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்.

எருவுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலைகள்தான் என் கண்ணில் பட்டன. அவற்றை வெள்ளிதோறும் சாக்கில் கட்டி ஓடையில் போடுவது வழக்கம். அந்த ஓடையில் அப்போது தண்ணீரைவிடச் சாக்குகளே அதிகம். ஐயரிடம் கேட்டேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வெள்ளி கழித்துச் சொன்னார்.

"சாமி போட்டுக் கழட்டின பூம்மா. அதுல கால் படக் கூடாது. எச்சில் பண்டம் எதுவும் அதோட சேரக் கூடாது. இந்த ரெண்டும் சரின்னா செய்யுங்க."

இரண்டும் சரி என்றேன். வில்வமரத்தின் பின்னால் மூங்கில் தட்டி கட்டி ஒரு குவியல் போட்டோம். மாலைகளை அப்படியே போட முடியாது. நூலை வெட்டி உருவ வேண்டும். சரிகைத் தாள், கம்பி, பிளாஸ்டிக் குஞ்சம் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். அக்கா உருவுவதில் கெட்டிக்காரி. ஊர்க்கதை எல்லாம் அந்த நூலோடு சேர்ந்து உருவப்பட்டு வரும். பூ ஒரு அடுக்கு, காய்ந்த சருகு ஒரு அடுக்கு, பால்காரர் வீட்டுச் சாணம் ஒரு அடுக்கு. பிறகு கிளறுவது, ஈரம் பார்ப்பது, மறுபடி மூடுவது. கையில் பிடித்தால் பிட்டு மாதிரி உதிர வேண்டும். மழைக்குப் பின் மண் எப்படி மணக்குமோ அப்படி மணக்க வேண்டும். அந்த நிலைக்கு வந்ததைத்தான் பாத்திக்குக் கொண்டு போவேன்.

மண்ணோடு கிளறிக் கலப்பதில்லை. மேலே பரப்புவதுதான். தை முடிந்தால் இங்கே மழை நின்றுவிடும். வறண்ட காற்று பாத்தியின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மூன்று விரல் தடிப்பில் எருவைப் போர்வையாகப் போட்டால் அடியில் மண் குளிர்ந்தே இருக்கும், களையும் தலை காட்டாது. செடியின் தண்டைத் தொடாமல் சுற்றிவர ஒரு இடைவெளி விட வேண்டும். தொட்டால் தண்டு அழுகும். பாதையில் ஒரு பிடிகூடச் சிந்தாமல் ஓரத்துக்குக் கல் அடுக்கினேன். கால் படக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா.

என் வீட்டிலும் ஒரு குவியல் உண்டு. அதில் தேயிலைச் சக்கை, மரக்கறித் தோல், முட்டைக்கோது, மீன் செதில் எல்லாம் போகும். அது கத்தரிக்கும் மிளகாய்க்கும். அந்த மண்வெட்டியைக்கூட நான் கோயிலுக்குக் கொண்டு போனதில்லை. அக்கா சிரிப்பார். "மண்வெட்டிக்கும் விரதமா?" என்பார். எருவை எல்லாரும் எரு என்றுதான் பார்ப்பார்கள். உள்ளே என்ன போனது என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த நான்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டாம் வருடம் செவ்வரத்தை பூத்த பூப்பில் ஐயர் கடைக்குச் சொல்லி அனுப்புவதை நிறுத்திவிட்டார். தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பூப் பறித்துத் தட்டில் வைத்துவிட்டுப் போவேன். மூலஸ்தானத்தில் திரை விலகும்போது அம்மன் கழுத்தில் நான் பறித்த பூ இருக்கும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இதற்குமேல் இதைப் பற்றி எழுதத் தேவையில்லை. காலையில் எழும்பிப் போவதற்கு எனக்கு ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வருடம் தை கடைசியில் ஆறு பாத்திகளை மூடிவிட்டோம். செவ்வரத்தைப் பாத்தி மட்டும் மிச்சம். அந்த நேரம் பார்த்து என் கணவருக்குக் கண்ணில் புரை எடுக்கக் கண்டி ஆஸ்பத்திரியில் திகதி கிடைத்தது. சாவியை அக்காவிடம் கொடுத்தேன். குவியலில் இருப்பது ஒரு பாத்திக்குப் போதாமல் போகலாம், போதாவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்தது பதமாகும்வரை சருகைப் போட்டு மூடலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது பாத்தி முழுதும் மூடியிருந்தது. ஓரம்கூட ஒழுங்காக இருந்தது. எரு மட்டும் மற்றப் பாத்திகளைவிடக் கறுப்பு.

"எரு பத்திச்சா அக்கா?"

"அடியில கெடந்தத எல்லாம் வழிச்சுப் போட்டேன். நீ ஐயாவோட கண்ணப் பாரு. இத நான் பாத்துக்கிறேன்."

அடியில் கிடப்பது கறுப்பாகத்தான் இருக்கும். நம்பினேன். நம்பாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு பின்னேரம் இடியோடு மழை அடித்தது. அந்தப் பக்கக் கூரைக்குப் பீலி இல்லை. கூரைத் தண்ணீர் எல்லாம் செவ்வரத்தைப் பாத்தியில்தான் கொட்டும். மறுநாள் காலை நானும் அக்காவும் கதவைத் திறந்தபோது, கோயில் சபைத் தலைவரும் ஐயரும் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார்கள். தலைவர் டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். கொடியேற்றத்துக்கு எவ்வளவு பூ கிடைக்கும் என்று பார்க்க வந்தவர், செவ்வரத்தைப் பாத்தியருகே நின்றுவிட்டார்.

மழைத் தண்ணீர் எருவின் தூளைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. கழுவாமல் விட்டது அங்கே கிடந்தது. வெள்ளை வெள்ளையாக முட்டைக்கோதுகள். ஒன்றிரண்டு அல்ல. பாத்தி முழுதும். நொறுங்கியவைகூட அல்ல. அப்பம் சுடும் அச்சட்டியின் விளிம்பில் ஒரே தட்டாகத் தட்டி உடைத்த அரைக்கோதுகள், சின்னக் கிண்ணங்கள் மாதிரி, சிலவற்றில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. என் வீட்டில் முட்டையை அவித்துத்தான் சாப்பிடுவோம். அவித்த முட்டையின் கோது எப்படி உதிரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

எனக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. அக்காவுக்கும் விளங்கியது. அவருடைய கை என் முழங்கையைப் பிடித்தது, பிறகு விட்டது.

ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர்தான் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது என்ன கோயிலா, கோழிப் பண்ணையா?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேக்கிறேன்ல. அம்மனுக்குச் சாத்துற பூ இதுல இருந்துதானே போவுது? யார் போட்டது இத?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவரே சொல்வார் என்று நினைத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது, எரு போதவில்லை, வீட்டிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்தேன் என்று ஒரு வார்த்தை. நானும் கூடச் சேர்ந்து பேசியிருப்பேன். வழித்து எடுத்துவிட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தால் முடிந்துவிடும் விஷயம்.

அக்கா துளசிப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எரு விஷயமெல்லாம் தங்கச்சிதாங்க பாக்கிறது. நான் தண்ணி மட்டும்தான் ஊத்துவேன்."

அது பொய்யல்ல. அந்த வசனத்தை நான் பலமுறை திருப்பிப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யல்ல. எரு விஷயம் என்னுடையதுதான். அவர் தண்ணீர் ஊற்றுவதாகத்தான் ஆரம்பத்தில் பேச்சு.

"இது எங்க குவியல்ல இருந்து வந்தது இல்லைங்க" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"அப்ப எங்க இருந்து வந்திச்சு? கோழி மதில் ஏறி வந்து போட்டுட்டுப் போச்சா?"

தலைவருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் நின்ற யாரோ சிரித்தார்கள். நான் இன்னும் அக்காவுக்காகக் காத்திருந்தேன். அவர் வீட்டிலிருந்து வந்தது என்று என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. நான் சொன்னால் அது காட்டிக் கொடுத்ததாகிவிடும். அவர் சொன்னால் ஒரு தவறு, அவ்வளவுதான். இதை எல்லாம் அந்த இடத்தில் நின்று இவ்வளவு தெளிவாக நான் யோசித்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றதற்குக் காரணம் அதுதான்.

"படிச்சவங்க, ஆஸ்பத்திரியில வேலை செய்றவங்கன்னுதானே சாவியக் குடுத்தோம்" என்றார் தலைவர். "கொஞ்ச நாளைக்கு நீங்க ஓய்வா இருங்கம்மா."

ஓய்வு. மரியாதையாகத்தான் சொன்னார். பூட்டிலேயே தொங்கிய சாவியை உருவி, அக்காவிடம் நீட்டினார். அக்கா இரண்டு கையாலும் வாங்கினார்.

முட்டைக்கோதைவிட எனக்கு வலித்தது அதுதான். அந்த இரண்டு கை.

அன்றே ஏழு பாத்திகளிலும் எருவை வழித்து எடுத்தார்கள். செவ்வரத்தைப் பாத்தியில் மட்டுமல்ல, சுத்தமான ஆறு பாத்திகளிலும். மாலைகளை மாதக்கணக்கில் உருவிப் பதமாக்கியது சாக்குகளில் ஏறி லொறியில் போனது. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். திருவிழாவுக்குத் தம்புள்ளையிலிருந்து செவ்வந்தி மாலை வந்தது. நான் மூன்றாம் நாள் திருவிழாவுக்குப் போனேன். போகாமலிருந்தால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று என் கணவர் சொன்னார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண், எனக்கு நன்றாகத் தெரிந்தவள், தன் மகளை மெல்ல மறுபக்கம் இழுத்துக்கொண்டாள்.

திருவிழா முடிந்த அடுத்த நாள் பின்னேரம் அக்காவின் வாசலுக்குப் போனேன். அடுப்பில் நாலு அச்சட்டி. மா ஊற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன்.

"வா தங்கச்சி. உக்காரு. சூடா ஒண்ணு தரட்டா?"

"அந்தக் கோது உங்க வீட்டுது அக்கா."

சுழற்றிய சட்டியை அடுப்பில் வைத்து மூடினார். மூடிய பிறகும் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எங்க வீட்டுதுதான். எரு பத்தல. கொடியேத்தம் வருது. பாத்தி மொட்டையாக் கெடந்தா உனக்குப் புடிக்காதேன்னு வீட்டுக் குவியல்ல இருந்து ரெண்டு வாளி அள்ளிப் போட்டேன். இருட்டுல அள்ளினது. கோது இவ்ளோ கெடக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சரி. அத அங்கயே சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்றது?" அக்கா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "என்கிட்ட அப்பம் வாங்குறது யாரு? கோயில் சனம்தானே. சாமி தோட்டத்துல முட்டைக்கோது போட்டவன்னு ஒரு தடவ பேர் வந்திச்சின்னா யாரு என் வாசலுக்கு வருவா? உனக்கு ஆஸ்பத்திரி இருக்கு. மாசம் முடிஞ்சா சம்பளம் இருக்கு. ஐயா இருக்காரு. உனக்கு என்ன போச்சு? ஒரு தோட்டம்தானே போச்சு."

அந்தச் சட்டியில் அப்பம் கருகும் மணம் வந்தது. அக்கா எடுத்துத் தட்டில் போட்டார், ஓரத்தைக் கத்தியால் சுரண்டினார்.

ஒரு தோட்டம்தானே. அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய அடுப்பும் என்னுடைய பூத்தட்டும் ஒரே எடை இல்லைதான். எனக்குத் தாங்க முடியாமல் போனது, அந்தக் கணக்கை அவர் எப்போதோ போட்டு வைத்திருந்தார் என்பது. தலைவர் கேட்ட பிறகு அல்ல. என் முழங்கையைப் பிடித்து விட்டபோதே அது முடிந்திருந்தது. வெள்ளிதோறும் நூல் உருவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு, இந்தத் தோட்டம் எனக்கு என்ன என்று நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் ஒரு தோட்டம்தானே என்று சொல்ல வேண்டியிருந்தது.

வைகாசி, ஆனி வறண்டே போனது. மூடாத பாத்தி வெயிலில் வெடித்தது. பஸ்ஸில் போகும்போது கம்பிவலைக்கு அப்பால் தெரியும். அக்கா மத்தியான வெயிலில் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் போகாமல் ஓடிப் பாதையில் தேங்கும். நந்தியாவட்டை சமாளித்தது. செவ்வரத்தை மொட்டோடு உதிர்ந்தது.

ஆடி முதல் வெள்ளி, கோயிலிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார் அக்கா. நெற்றியில் குங்குமம் இன்னும் ஈரம். முகம் மலர்ந்திருந்தது. நல்ல செய்தி கொண்டுவரும் முகம்.

"தங்கச்சி, எல்லாம் பேசிட்டேன். தலைவர்கிட்டயும் பேசிட்டேன், ஐயர்கிட்டயும் பேசிட்டேன். மனசு எறங்கிட்டாங்க. நீ வந்து ஒரு வார்த்த, தெரியாம நடந்திருச்சு, மன்னிச்சிருங்கன்னு சொன்னாப் போதும். சாவி மறுபடி உன் கைக்கே வருது. எருவும் போட்டுக்கலாம்னு ஐயரே சொல்லிட்டாரு."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். அவர் செய்ததற்கு எனக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுக்கிறார். அதில் அவருக்கு உண்மையான சந்தோஷம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. பங்குனியிலிருந்து ஆடிக்குள் எங்கோ ஓரிடத்தில், அந்தக் கோதைப் போட்டது நான்தான் என்று அவரே நம்பத் தொடங்கியிருக்க வேண்டும்.

"போட்டது யாரு அக்கா?"

"அத ஏன் இப்ப கிண்டுற? முடிஞ்சத முடிஞ்சதா விடு."

"நீங்க போய், போட்டது நீங்கதான்னு சொல்லுங்க. நானும் கூட வாறேன். பக்கத்துல நிக்கிறேன். அப்பிடின்னா சாவிய வாங்கிக்கிறேன்."

மலர்ந்த முகம் சுருங்கியது. கோபம் வந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் குரலில் இருந்தது மனவருத்தம். என்னால் அவர் மனம் நொந்துவிட்டது.

"இவ்ளோ பேசி ஏற்பாடு பண்ணிட்டு வாறேன், நீ இப்பிடிச் சொல்ற. அப்ப அந்தச் செடியெல்லாம் காஞ்சு போகட்டும்னு சொல்றியா?"

"ஆமா" என்றேன்.

அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த கணவர் எழும்பி வாசல்வரை வந்துவிட்டார். அக்கா போன பிறகு, "ஒரு சொல்லுதானே, சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?" என்றார். பூட்டுக்கு வெளியே நின்று நான் படும் பாட்டை அவர்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கோபப்பட முடியவில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அந்தப் பாத்திகளில் போய்க் குனிந்தால், ஒவ்வொரு பிடி எருவையும் பரப்பும்போது நான் அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் பரப்ப வேண்டியிருக்கும். அது மண்ணுக்குள் புதைகிற பொருளும் அல்ல. மேலேயே கிடக்கும். நான் போகவில்லை.

செவ்வரத்தை போய்விட்டது. ஆவணியில் அடியோடு வெட்டி எடுத்தார்கள். நந்தவனத்துக்கு இப்போது யாரும் பொறுப்பில்லை. அக்கா சாவியை ஐயரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

நாங்கள் பேசாமல் இல்லை. அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு பேசாமலிருப்பது பெரிய வேலை. காலையில் பஸ் தரிப்பிடத்தில் சந்திப்போம். அவர் தேங்காய் வாங்க டவுனுக்குப் போவார், நான் ஆஸ்பத்திரிக்கு. தேங்காய் என்ன விலை, கலேவெலைப் பக்கம் மழை பெய்ததாமே, ஐயாவுக்கு இப்போது கண் எப்படி என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நடுவே சில நேரம் பேச்சு நின்றுவிடும். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, என் பக்கம் திரும்புவார். இப்போது சொல்லப்போகிறார் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

"பஸ் வருது தங்கச்சி" என்பார்.